பெட்டிகள் இருந்த இடம்



சென்ற ஆண்டு ஜனவரி இரண்டாம் வாரத்தில், ஒரு வியாழக்கிழமை அதிகாலையில், எங்கள் வீட்டு பாய்லர் நின்றுபோனது. அது ஓடும்போது எழும் மெல்லிய உறுமல் எங்கள் காதுகளுக்கு என்றோ பழகிப்போயிருந்தது. ஆகவே அது இல்லாமற்போன அமைதியே என்னை எழுப்பியது. எழுந்து ரேடியேட்டரைத் தொட்டேன்; இரும்பு சில்லென்றிருந்தது. வெளியே தெருவில் நின்ற கார்களின் கண்ணாடிகளில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பக்கத்து அறையில் என் தாயார் இருமிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது எண்பத்தொரு வயது.

தமிழகத்திலிருந்து இந்தச் சிந்தனைகளை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாய்லர் என்றதும் உங்களுக்குத் தேநீர்க் கடையின் செம்புப் பாய்லர் நினைவுக்கு வரலாம். இங்கிலாந்தில் அது சமையலறைச் சுவரில் தொங்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. குழாய் வழியாக வரும் எரிவாயுவை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் அதுவே வெந்நீர் தரும். நிழலைத் தேடியே வளர்ந்த நமக்கு, வெப்பத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பது விந்தையாகத் தோன்றும். எனக்கும் திருநெல்வேலியிலிருந்து வந்த முதல் ஆண்டில் அப்படித்தான் தோன்றியது. இங்கே அது அரிசியைப்போல வீட்டில் இருந்தே ஆக வேண்டிய பொருள்.

இந்த வாரம் நான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது, அந்தப் பெட்டியை எதைக்கொண்டு மாற்றுவது என்று நாங்கள் தீர்மானித்த கதையை. வெறும் எந்திரம் வாங்கிய கதைதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து அதில் இறங்கினேன்.

முதலில் ஒரு குற்றத்தை அறிக்கையிட வேண்டும். அந்தப் பாய்லர் முன்னறிவிப்பில்லாமல் சாகவில்லை. பதினேழு வயதான பெட்டி அது. அதற்கு முந்தைய இரண்டு செப்டம்பர்களிலும், ஆண்டுப் பராமரிப்புக்கு வந்த பணியாளர் ஒரே செய்தியைத் தாளில் எழுதித் தந்திருந்தார்: உள்ளே வெப்பம் கைமாறும் பகுதி அரிக்கத் தொடங்கியிருக்கிறது, இந்த மாதிரிக்கு உதிரி பாகங்கள் செய்வதை நிறுத்திவிட்டார்கள், அடுத்து என்ன வைப்பது என்று இப்போதே யோசியுங்கள். இரண்டு தாள்களையும் கூடத்து மேசையின் இழுப்பறையில் போட்டு மூடினேன். மறதியினால் அல்ல. "எப்படியும் நாம் ஊருக்குப் போகிறவர்கள்தானே, அதுவரை ஓடட்டும்" என்பதே என் மனத்தில் இருந்த பதில். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த வீட்டின் ஒவ்வொரு பழுதுக்கும் நான் சொல்லிவந்த பதில் அது.

அன்று காலை முதலில் செய்ய முடிந்ததைச் செய்தோம். சபையின் ஒரு சகோதரி தன் வீட்டிலிருந்து எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அம்மாவின் அறைக் கதவை மூடி, அதை அங்கே வைத்தோம். மற்ற அறைகளில் கோட்டும் காலுறையுமாக நடமாடினோம். மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வந்த என் மனைவி, வெந்நீர் இல்லாத வீட்டில் கெண்டியில் சுடவைத்த தண்ணீரால் முகம் கழுவிவிட்டுப் படுத்தாள்.

மதியத்துக்குள் கேஸ் பாய்லருக்கு மதிப்பீடு வந்துவிட்டது. புதிய பாய்லர், பழையதை அகற்றும் கூலி, குழாய்களைக் கழுவிச் சுத்தம் செய்வது எல்லாம் சேர்த்து 2,700 பவுண்டு. சனிக்கிழமையே வந்து மாட்டிவிடுவதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே இருக்கும் சுவர், ஏற்கெனவே இருக்கும் குழாய்; ஒரே நாள் வேலை. குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பவனுக்கு "சனிக்கிழமை" என்ற சொல்லைவிட இனிய சொல் வேறில்லை.

"சரி என்று சொல்லிவிடவா?" என்று மனைவியிடம் கேட்டபோது, பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான படிப்பில் இருந்த எங்கள் மகள் குறுக்கிட்டாள். "அப்பா, அறுவடைப் பண்டிகைப் பிரசங்கத்திலே பூமியைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினீங்களே. ஹீட் பம்ப் பற்றி ஒரு தடவை விசாரிக்கவாவது வேண்டாமா?" என்றாள். பிள்ளைகள் பிரசங்கத்தைக் கேட்பதில்லை என்று குறைப்படுகிற போதகர்கள் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

விசாரித்தேன். அடுத்த வாரம் ஓர் இளைஞர் வந்து, அறை அறையாகச் சுவரையும் சன்னலையும் அளந்து, மாடிக்கூரையின் கம்பளிப் படுகையைச் சோதித்து, கணக்குப் போட்டார். வெளியே மைனஸ் 2 டிகிரி இருக்கும் நாளில் எங்கள் வீட்டைக் கதகதப்பாக வைக்க 6 கிலோவாட் வெப்பம் வேண்டும் என்றார். வெளியே ஓர் எந்திரம், உள்ளே 200 லிட்டர் வெந்நீர்க் கலன், மூன்று அறைகளுக்குப் பெரிய ரேடியேட்டர்கள்: மொத்தம் 13,100 பவுண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கம் இதற்கென 7,500 பவுண்டு மானியம் தருகிறது. பொருத்துகிற நிறுவனமே அதைக் கேட்டுப் பெற்றுக் கழித்துக்கொள்ளும். இதன்மேல் வாட் வரியும் இப்போது இல்லை. ஆக, எங்கள் கையிலிருந்து 5,600. ஆனால் வேலை தொடங்க இரண்டு மாதமாவது ஆகும்.

அம்மா தம் அறையிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "வெளியே இவ்வளவு குளிரா இருக்கு. அந்தக் காத்துல இருந்து எப்படி ஐயா சூட்டை எடுக்க முடியும்?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கே அது சரியாக விளங்கியிருக்கவில்லை. அந்த இளைஞர் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியைக் காட்டினார். உடனே அம்மாவின் முகம் மலர்ந்தது. மார்கழிக் குளிரில் இட்லி மாவு புளிப்பதற்காகப் பாத்திரத்தை ஃபிரிட்ஜின் பின்புறத்து வெதுவெதுப்பில் வைத்த தலைமுறை அல்லவா அது! உள்ளே இருக்கும் குளிர்ந்த பாலிலிருந்தும் வெப்பத்தை உறிஞ்சித்தான் ஃபிரிட்ஜ் அதைப் பின்புறத்தில் வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் செய்வதும் அதே வேலை. அதன் குழாய்க்குள் ஓடும் திரவம் எளிதில் கொதிப்பது. பல புதிய எந்திரங்களில் பயன்படும் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு உறைபனிக் காற்றும் சூடான காற்றுதான். அந்த வெப்பத்தை வாங்கி அது ஆவியாகிறது. மின்மோட்டார் அந்த ஆவியை அழுத்தும்போது அதன் வெப்பநிலை உயர்கிறது. அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, மீண்டும் திரவமாகித் திரும்புகிறது. கிணற்றிலிருந்து நீரை இறைப்பதுபோல, வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே இறைக்கிறது. இறைக்கும் கூலிக்கு மட்டுமே மின்சாரம்.

இது நேற்று முளைத்த புதுமையும் அல்ல. வில்லியம் தாம்சன் என்ற அறிஞர், பின்னாளில் கெல்வின் பிரபு என்று அழைக்கப்பட்டவர், 1852இலேயே இந்தக் கருத்தை எழுதிவைத்தார். 1945இல் ஜான் சம்னர் என்ற பொறியாளர் நார்விச் நகரில் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தை இறைத்து ஒரு கட்டடத்தைச் சூடாக்கினார். 1951இல் லண்டனில் திறக்கப்பட்ட ராயல் ஃபெஸ்டிவல் ஹால் தேம்ஸ் நதியிலிருந்து அவ்வாறே வெப்பம் எடுத்தது. பிறகு வட கடலில் எரிவாயு கிடைத்தது, மலிவாகவும் இருந்தது, இந்த நாடு அந்தப் பாதையில் நடந்தது.

சரி, செலவு? உண்மையை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த இடத்தில் பலர் இரு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். எங்கள் வீடு ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 அலகு கேஸ் எரித்தது. அன்றைய விலையில் கேஸ் ஓர் அலகு 6 பென்ஸுக்குச் சற்று மேல். மின்சாரம் ஏறத்தாழ 25 பென்ஸ். மின்சாரம் நான்கு மடங்கு விலை என்பதே இந்த நாட்டில் சிக்கல். நல்ல பாய்லர் நூறு பங்கு கேஸில் தொண்ணூறு பங்கை வெப்பமாக்கும். ஹீட் பம்ப் ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு வெப்பம் தந்தால், ஆண்டுச் செலவு கேஸைவிட ஏறத்தாழ நூற்றைம்பது பவுண்டு கூடும். மூன்றரை தந்தால் இரண்டும் சமம். நான்கு தந்தால் லாபம். எது கிடைக்கும் என்பது பொருத்துகிறவரின் திறமையையும், ரேடியேட்டர்களின் அளவையும், தண்ணீரை எவ்வளவு குறைந்த சூட்டில் ஓடவிடுகிறோம் என்பதையும் பொறுத்தது. புகையில் மட்டும் ஐயத்துக்கு இடமில்லை. அவ்வளவு கேஸ் எரித்தால் ஆண்டுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கரிவளி வெளியேறும். ஹீட் பம்பினால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

ஆக, கூடுதலாகக் கொடுக்கும் 2,900 பவுண்டு எப்போது திரும்பி வரும்? இந்த விலைகள் நீடித்தால் வரவே வராமலும் போகலாம். அளக்க வந்த இளைஞரும் அதை மறைக்கவில்லை. அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டார். "இந்த வீட்டில் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருப்பதாக எண்ணம்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவர் வெந்நீர்க் கலன் வைக்க இடம் கேட்டார். மாடிப்படி ஏறியதும் வலப்பக்கம் ஓர் அலமாரி அறை உண்டு. முற்காலத்தில் அங்கேதான் வெந்நீர்த் தொட்டி இருந்திருக்கிறது. கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே தரையிலிருந்து மேற்கூரைவரை பயணப் பெட்டிகள். நாங்கள் 2006இல் இந்த வீட்டுக்கு வந்தபோது அடுக்கிய பெட்டிகள்; அவற்றின்மேல் அதன்பின் வாங்கிய பெட்டிகள். ஊருக்குத் திரும்பும் நாளில் நிரப்புவதற்காக வைத்திருந்தவை. விமான நிலைய நாடாக்கள்கூடச் சிலவற்றின் கைப்பிடியில் ஒட்டியிருந்தன. "இவற்றை வேறு எங்காவது வைக்க முடியுமா?" என்று அவர் மரியாதையாகக் கேட்டார்.

அந்த 5,600 பவுண்டும் வேறொரு பெயரில் இருந்த பணம். ஊரில் அப்பா கட்டிய வீட்டின் மாடியில் ஓர் அறை கட்ட வேண்டும், ஓய்வு பெற்றபின் நாங்கள் இருவரும் அங்கே போய் இருக்க வேண்டும் என்று சிறுகச் சிறுகச் சேர்த்தது. தம்பி ஆண்டுதோறும் தொலைபேசியில் கேட்பான்: "எப்ப வாறிய அண்ணே?" "இன்னும் ரெண்டு வருஷம்" என்பேன். பத்தொன்பது ஆண்டுகளாக அது இரண்டு வருஷமாகவே இருந்தது.

அன்றிரவு எனக்கு எரேமியா தீர்க்கதரிசி நினைவுக்கு வந்தார். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட தம் மக்களுக்கு அவர் எழுதிய நிருபத்தை நீங்கள் அறிவீர்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெற்று வளர்த்து மணம் முடித்துக் கொடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் நலத்தைத் தேடுங்கள் என்பது அதன் சாரம். நான் பலமுறை பிரசங்கித்த பகுதி. ஆனால் அதற்கு முந்தைய அதிகாரத்தில் வரும் அனனியாவை நான் அவ்வளவாகக் கவனித்ததில்லை. அவனும் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்டவன். எல்லாரும் இரண்டே வருஷத்தில் திரும்பிவிடுவார்கள் என்று அவன் சொன்னான். கேட்பதற்கு இனிமையான செய்தி. எரேமியாவின் நிருபமோ எழுபது வருஷம் என்றது.

அனனியாவின் சொல்லில் உள்ள கேடு, அது பொய்த்துப்போனது மட்டுமல்ல. இரண்டு வருஷம் என்று நம்புகிறவன் ஒழுகும் கூரையை மாற்றமாட்டான். மாமரம் நடமாட்டான். அண்டை வீட்டாரின் பெயரைக் கேட்டு வைக்கமாட்டான். இழுப்பறையில் தாளைப் போட்டு மூடுவான். நான் எரேமியாவைப் பிரசங்கித்துக்கொண்டே அனனியாவின் நாட்காட்டியில் வாழ்ந்திருக்கிறேன் என்பது, குளிர்ந்த அந்தக் கூடத்தில், கோட்டோடு உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் நாங்கள் மூவரும் அம்மாவின் அறையில் கூடினோம். சூடு அங்கே மட்டும்தான் இருந்தது. மாடி அறைக்கு வைத்த பணம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மகள் தலைகுனிந்தபடி, "நீங்க ஊருன்னு சொல்லும்போதெல்லாம் நான் எங்கேயிருப்பேன்னு யோசிச்சிருக்கீங்களா அப்பா? என் ஊர் இதுதானே," என்றாள். அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எனக்குக் கல்லறைத் தோட்டத்துல உங்க அப்பா பக்கத்துல இடம் இருக்கு. என்னை அங்க கொண்டுபோய்ச் சேர்த்தாப் போதும். அதுக்கு மாடியில அறை வேண்டாம். இருக்கிற இடத்துல குளிராம இருங்க."

அவர் குரலில் வருத்தம் இல்லாமலில்லை. அந்த வீட்டின் அடித்தளக் கல்லை அப்பாவோடு நின்று வைத்தவர் அவர். அதனால்தான் அந்தச் சொல்லை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீர்மானம் ஆயிற்று, குளிர் தீரவில்லை. பராமரிப்புக்கு வரும் அதே பணியாளரை அழைத்தேன். எங்கோ பழுதுபார்த்து விற்கப்பட்ட மின்சுற்றுப் பலகை ஒன்றைத் தேடிப் பொருத்தினார். நச்சுப் புகை கசிகிறதா என்று கருவியால் சோதித்து, கூடத்தில் இருந்த அபாய மணியையும் சரிபார்த்தார். 280 பவுண்டு. "மார்ச் வரை ஓடலாம், ஓடாமலும் போகலாம்," என்றார். ஐந்து மாதமும் ஒவ்வொரு காலையும் கண் விழித்தவுடன் அந்த உறுமல் கேட்கிறதா என்று செவிசாய்த்தேன். இரண்டு ஆண்டு சோம்பலுக்கு அது தகுந்த தண்டனைதான்.

வெளி எந்திரம் பக்கத்து வீட்டு வேலியை ஒட்டியே வர வேண்டியிருந்தது. ஒலியளவு விதிக்குள் அடங்கும் என்று கணக்குத் தாள் இருந்தது. இருந்தாலும் அந்த வீட்டு மூதாட்டியிடம் நேரில் சொல்லவேண்டும் என்று தோன்றியது. பத்தொன்பது ஆண்டுகளில் அவர் வீட்டு வாசற்படிக்குள் நான் நுழைந்தது அதுவே முதல் தடவை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். தேநீர் தந்தார். 1952இல் லண்டனை மூடிய பெரும் புகைமூட்டத்தில், சிறுமியாக, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி நடந்ததைச் சொன்னார். நிலக்கரி போய், பின்னர் வட கடல் எரிவாயு வந்தபோது, பணியாளர்கள் தெருத் தெருவாக வந்து ஒவ்வொரு வீட்டு அடுப்பையும் மாற்றிப்போனதையும் சொன்னார். "என் அம்மாவும் உங்களைப்போலத்தான் பயந்தார். இரவில் சத்தம் கேட்டால் உங்கள் கதவைத் தட்டுவேன்," என்று சிரித்தார். இதுவரை தட்டவில்லை, ஆனால் வேறு காரியங்களுக்காக வந்துபோகிறார்.

ஜூன் மாதத்தில் நான்கு நாட்களில் வேலை முடிந்தது. வெயில் காலம், எவரும் குளிரவில்லை, எந்த அவசரமும் இல்லை. பெட்டிகளில் நான்கைச் சபையாருக்குக் கொடுத்தோம். இரண்டை மாடிக்கூரைக்குள் வைத்தோம்; அம்மாவின் பயணத்துக்கு வேண்டும். பெட்டிகள் இருந்த இடத்தில் இப்போது வெள்ளை நிறத்தில் உயரமான கலன் நிற்கிறது. என் மனைவி முதல் வாரம் அந்தக் கதவைத் திறப்பதைத் தவிர்த்தாள். இப்போது அங்கே துண்டுகளைக் காயவைக்கிறாள்.

இந்தக் குளிர்காலம் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். ரேடியேட்டர்கள் முன்புபோல் சுடுவதில்லை. பாய்லர் 60, 70 டிகிரித் தண்ணீரை அனுப்பும். இது பெரும்பாலும் 40 அளவில் அனுப்பி, நாள் முழுவதும் நிதானமாக ஓடுகிறது. முதல் வாரத்தில் அம்மா நாளுக்கு நான்கு முறை ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, "இது ஓடுதா, நின்னுபோச்சா?" என்று கேட்பார். சுவரிலிருந்த வெப்பமானி 20 என்று காட்டும். பழைய பாய்லர் எங்களைச் சுட்டுவிட்டு நிற்கும், பிறகு குளிரும். இது கொஞ்சமாகக் கொடுக்கிறது, ஆனால் நிறுத்துவதில்லை. ஈரக் குளிர் நாட்களில் வெளி எந்திரத்தில் பனி படியும். அதை உருக்க அது சில நிமிடம் தன் வேலையைத் திருப்பிச் செய்யும். அப்போது வெண்ணிற ஆவி எழும். அம்மா முதன்முறை அதைக் கண்டு, மெஷின் எரிகிறது என்று கூப்பாடு போட்டுவிட்டார்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் முதல் ஜனவரி இறுதிவரை ஓர் அலகு மின்சாரத்துக்கு 3.3 அலகு வெப்பம் கிடைத்தது. புதிய கேஸ் பாய்லர் வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட ஏறத்தாழ அறுபது பவுண்டு கூடுதல். கேஸ் இணைப்பை முழுவதும் துண்டித்திருந்தால் ஆண்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல் நிலைக்கட்டணம் மிச்சமாகி, கணக்கு நேராகியிருக்கும். துண்டிக்கவில்லை. அம்மாவின் தோசைக்கல்லுக்குத் தீச்சுடர் வேண்டும். நாங்கள் பாதி மனந்திரும்பியவர்கள் என்று மகள் கேலி செய்கிறாள். அது சரியே.

இதைப் படித்துவிட்டு, கேஸ் பாய்லர் மாற்றியவர்கள் எவரும் தங்களைக் குற்றவாளிகளாக எண்ண வேண்டாம். எங்கள் சபையில் ஒரு சகோதரர் இந்த டிசம்பரில் கேஸ் பாய்லரைத்தான் வைத்தார். மூன்றாம் மாடியில் வீடு, வெளி எந்திரத்துக்கு இடமில்லை, கைக்குழந்தை இருந்தது, கையில் பணமில்லை. அவர் செய்தது அன்பின் செயல். இன்னொரு சகோதரி வாடகை வீட்டில் இருக்கிறார். பாய்லர் நின்று பதினொரு நாள் வீட்டு உரிமையாளரின் பதிலுக்காகக் காத்திருந்தார். தேர்ந்தெடுப்பதே அவருக்கு அளிக்கப்படவில்லை. இரண்டு மதிப்பீடுகளை மேசையில் பரப்பி வைத்துத் தர்மசங்கடப்படுவதும் ஒரு பாக்கியம் என்பதை அவர் எனக்கு உணர்த்தினார். எண்ணெய் நிரப்பிய அந்த ஹீட்டர் இப்போது சபையின் பொதுச் சொத்து. அந்தப் பதினொரு நாளும் அவர் வீட்டில் இருந்தது.

அன்பானவர்களே, நீங்கள் எந்த எந்திரத்தை வாங்க வேண்டும் என்று சொல்வது என் அழைப்பல்ல. ஆனால் ஒன்றை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். பல வீடுகளில் பாய்லரை மாற்றும் தீர்மானம், அது நின்றுபோன குளிர்நாளில் எடுக்கப்படுகிறது. அன்று தேர்ந்தெடுப்பது நாம் அல்ல, குளிர். உங்கள் பாய்லர் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளைக் கடந்திருந்தால், இந்தக் கோடையில், சன்னல் திறந்திருக்கும் ஒரு மாலையில், மதிப்பீடுகளை வாங்கிப் பாருங்கள். வீட்டின் வெப்ப இழப்பை அளக்கச் சொல்லுங்கள். அதற்குமுன், குளிர்காலம் முடிவதற்குள், உங்கள் பாய்லரின் வெந்நீர்ச் சூட்டை 50 அளவுக்குக் குறைத்து ஒரு வாரம் வாழ்ந்து பாருங்கள். வீடு கதகதப்பாகவே இருந்தால், உங்கள் ரேடியேட்டர்கள் ஹீட் பம்புக்கும் போதும் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

அப்படிக் கணக்குப் பார்க்கும்போது, "இங்கே இன்னும் எத்தனை ஆண்டுகள்?" என்ற கேள்வி உங்களிடமும் வரும். கடல் கடந்து வந்தவர்களுக்கு மட்டுமுள்ள கேள்வி அல்ல அது. பிறந்த தெருவிலேயே வாழ்ந்துகொண்டு, எதிலும் வேர்விடாமல், எல்லாவற்றையும் இரண்டு வருஷத்துக்குத் தள்ளிப்போடுகிறவர்களும் நம்மில் உண்டு. பதில் எதுவானாலும் அதை உண்மையாகச் சொல்லுங்கள். திரும்பிப் போவதாயிருந்தால், நாள் குறித்து ஆயத்தமாகுங்கள், அதுவும் நல்லதே. இருப்பதாயிருந்தால், இருக்கிறவர்களாக இருங்கள்.

கடந்த மாதம் தம்பி அழைத்தான். வழக்கம்போல, "எப்ப வாறிய அண்ணே?" என்றான். இந்த முறை இரண்டு வருஷம் என்று சொல்லவில்லை. "ஏப்ரல்ல மூணு வாரம் வாறோம் தம்பி. அம்மாவைக் கூட்டிட்டு. பிறகு வீட்டுக்குத் திரும்பிருவோம்," என்றேன். வீடு என்ற சொல்லை நான் எந்தப் பக்கத்துக்குப் பயன்படுத்தினேன் என்பதை அவன் கவனித்தான் போலும். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அங்க குளிரெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"வெளியேதான் குளிர்," என்றேன்.

நாம் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும் மனத்தைத் தேவன் நமக்குத் தருவாராக. இந்த வாரம் உங்கள் ஜெபத்தில், வெப்பமில்லாத வீடுகளில் இருக்கும் முதியோரையும் பச்சைக் குழந்தைகளையும் மறவாதிருங்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், ஜெபித்து எழுந்தபின் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகன்